மடையைத் திறக்கும் கை

கண்மாய் என்னும் சொல்லை மதுரைச் சீமையில் பிறந்த எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டை நாட்டார் ஏரி என்பதையும் நெல்லைச் சீமையார் குளம் என்பதையும் நாம் கண்மாய் என்கிறோம். ஆயினும் அது எவ்வாறு இயங்கிற்று, யாருக்காக இயங்கிற்று, இனி எதற்காக இயங்க வேண்டும் என்னும் மூன்று வினாக்களையும் ஒருசேர எழுப்பிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. முதல் வினாவைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டோம். இரண்டாவதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டோம். மூன்றாவது வினா கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இம்மூன்றில் இரண்டாவது வினாவைத் துணிவோடு எடுத்துக்கொண்ட நூல் ஒன்று உண்டு. இலண்டனில் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் மானிடவியல் கற்பித்த டேவிட் மோஸ் எழுதி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2003இல் வெளியிட்ட 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்பதே அந்நூல். 'நீரின் ஆட்சி' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பழைய இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களையும், அவற்றைக் கட்டியாண்டவர்களையும், அவற்றில் நீர் பாய்ச்சியவர்களையும் பற்றிய ஆய்வு அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நூலை இன்று ஏன் திறனாய வேண்டும் என்று வாசகர் வினவக்கூடும். பெருமழைக்கும் பெருவறட்சிக்கும் ஈடுகொடுக்கும் வண்ணம் நிலத்தை வடிவமைப்பது பற்றி இன்று எங்கும் பேசப்படுகிறது. அப்பேச்சில் நம் கண்மாய்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் அவை இடம்பெறும் விதம் நமக்கு நிறைவளிப்பதாயில்லை. அந்நிறைவின்மையின் காரணத்தை அறிய இந்நூலைவிட நல்ல துணை இல்லை என்பது நம் கருத்து. இந்நூலும் போதாது என்பதையும் பின்னர்ச் சொல்வோம்.

நூலை நாம் படிக்கத் தேர்ந்துகொண்ட இடம் கப்பலூர். மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள ஊர். கருமுத்து தியாகராசச் செட்டியார் நிறுவிய நூற்பாலை அங்கிருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. கன்னியாகுமரிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையும், அடிக்கடி நாளேடுகளில் அடிபடும் சுங்கச் சாவடியும் இருக்கின்றன. அருகே தோப்பூரில் 2019 சனவரி 27 அன்று எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தோப்பூர்–உச்சப்பட்டியில் வீட்டுவசதி வாரியத்தின் துணைக்கோள் நகரம் எழுந்துகொண்டிருக்கிறது. ஊரின் பழைய நிலம் வேறு கணக்கில் அமைந்தது. வடக்கே வைகைப் படுகை. தெற்கே திருமங்கலத்தை ஒட்டி ஓடி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நாடும் குண்டாறு. இரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டுச் சரிவில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கண்மாய்கள். பேரணையில் பிரியும் திருமங்கலம் பிரதான கால்வாயின் கீழ் 19,439 ஏக்கர் ஒருபோகப் பாசனம் என்று அரசு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அதாவது 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் எட்டும் எல்லையில் இருக்கிறது இவ்வட்டம். எல்லைக்கு இப்புறம் அணையைப் பார்த்து வாழ்வோர், அப்புறம் வானத்தைப் பார்த்து வாழ்வோர். எல்லையோரங்களில்தான் ஒரு கொள்கையின் உரம் தெரியும்.

கண்மாய் இயங்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று அதனை நீர் நிரப்பிய ஒரு பள்ளமாகவே பெரும்பாலோர் காண்கின்றனர். கண்மாய் பள்ளம் அன்று. சரிந்து செல்லும் நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் எழுப்பிய ஒரு கரை அது. மழைநீரை வரத்துக்கால்கள் கொண்டுவந்து சேர்க்கின்றன. கரைக்கு உட்புறம் நீர் பரந்து நிற்கும் பகுதி உள்வாய். கரையில் பதித்த மடைகள் வழியே நீர் ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. கண்மாய் நிறைந்தால் கரை உடையாதபடி மிகுநீரை வெளியேற்றுவது கலுங்கு. கலுங்கில் இறங்கிய நீர் மறுகால் என்னும் ஓடையாய்ச் சென்று அடுத்த கண்மாயின் வரத்துக்காலாகிறது. ஒரு கண்மாயின் கழிவு இன்னொரு கண்மாயின் உணவு. ஆயக்கட்டில் பாய்ந்து வயலில் கசிந்த நீருங்கூடக் கீழுள்ள கண்மாயைச் சென்றடைகிறது. இவ்வாறு தொடராய் அமைந்த கண்மாய்களில் எதனையும் தனியொன்றாகக் கருத முடியாது. மேலுள்ள கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழுள்ள கரையை உடைக்கும், அது அதற்கும் கீழுள்ளதை உடைக்கும்.

கலுங்கின் மேல் வரிசையாக நட்டு வைத்திருக்கும் கற்களைப் பலர் கண்டிருக்கலாம். பருவத்தின் இறுதியில், இனிப் பெருமழை இல்லை என்று தேறியபின், அக்கற்களுக்கிடையே மண்ணும் பலகையும் அடைத்து நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வர். பருவத்தின் தொடக்கத்தில் அவ்வாறு அடைத்தால் கரைக்கு ஆபத்து. அடைக்காமலே விட்டால் தை மாதத்துப் பயிருக்கு நீர் இராது. அடைத்தால் மேலே உள்வாய் ஓரத்து நிலங்கள் மூழ்கும், கீழே அடுத்த கண்மாய்க்காரர் சண்டைக்கு வருவர். ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மி.மீ. மழை பெய்யும் மதுரைச் சமவெளியில், அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும் நிலையில், அந்தக் கற்களுக்கிடையே எப்போது அடைப்பது, எப்போது எடுப்பது என்னும் முடிவே ஊரின் அந்த ஆண்டு வாழ்வு. இன்றைய வடிவமைப்பாளர்கள் மாறும் சூழலுக்கேற்ப மாறும் அமைப்பு என்று சொல்வது இதைத்தான். அது கல்லில் இல்லை, கல்லுக்கிடையே அடைக்கும் மண்ணில் இருக்கிறது. அம்மண்ணை அடைப்பவர் யார் என்னும் வினா இங்கேதான் எழுகிறது.

இவ்விடத்தில் நம்மவர்கள் வழக்கமாக ஒரு பாட்டைப் பாடத் தொடங்குவர். முன்னோர் அறிவுடையோர், ஊர் கூடிக் கண்மாயைக் காத்தது, குடிமராமத்து என்னும் அறம் செழித்திருந்தது, வெள்ளையர் வந்தனர், எல்லாம் கெட்டது. 1993இல் இந்தியில் வெளிவந்த அனுபம் மிஸ்ராவின் குளங்கள் பற்றிய நூலும், தில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1997இல் வெளியிட்ட 'டையிங் விஸ்டம்' என்னும் தொகுப்பும் செய்த பெரும்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மறந்துபோன ஒரு கலையின் மீது நாட்டின் கவனத்தைத் திருப்பியவை அவை. ஆனால் அவற்றின் வழிவந்த மேடைப் பேச்சுக்களில் கண்மாய் ஒரு பொற்காலத்தின் சின்னமாகச் சிறுத்துப்போயிற்று. பொற்காலத்துக் கரைகள் உடையவில்லையா? 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில் இக்கண்மாய்கள் வறண்டு கிடக்க, மக்கள் கூட்டங்கூட்டமாய் மடியவில்லையா? மழையே இல்லாதபோது எந்தக் கரையும் உதவாது.

மோஸ் இப்பாட்டை ஏற்கவில்லை. தன்னாட்சி பெற்ற கிராமச் சமுதாயம் கண்மாயைக் காத்துவந்தது என்பதற்கு மாறாக, கண்மாய்கள் அரசியலோடு பின்னிப் பிணைந்தவை என்று அவர் காட்டுகிறார். சேதுபதிகளும் பாளையக்காரர்களும் கண்மாய் வெட்டியதும் மானியம் வழங்கியதும் வெறும் வேளாண்மைக்காக அன்று. ஆட்சிக்கு ஆள் சேர்ப்பதற்கும், பற்றுடையோரைப் பெருமைப்படுத்துவதற்கும், தம் பெயரை நிலத்தில் எழுதுவதற்கும் ஆகும். எனவே போரும் சூழ்ச்சியும் மிகுந்த காலங்களில் கண்மாய்கள் கைவிடப்பட்டதும் உண்டு. குடிமராமத்தைப் பற்றி அவர் சொல்வது இன்னும் கூர்மையானது. ஊரார் தொன்றுதொட்டு இலவசமாக உழைத்துக் கண்மாயைப் பேணினர் என்னும் 'மரபு', பெருமளவுக்குக் கும்பினி அரசும் அதன்பின் வந்த ஆங்கில அரசும் பராமரிப்புச் செலவைக் குடிகளின் தலையில் சுமத்துவதற்காக உருவாக்கிக்கொண்ட கருத்து என்கிறார். அதனைச் சட்டமாக்கவே 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. மரபு உயிரோடிருந்தால் அதற்குச் சட்டம் எதற்கு? இந்த ஒரு வினாவே நூலின் விலைக்கு ஈடாகும்.

தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்னும் அதே பெயரில் திட்டம் தொடங்கியபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். தூர் வாரினால் நல்லதுதானே? வண்டலையும் கரம்பையையும் உழவர் தம் வயலுக்கு இலவசமாக அள்ளிக்கொள்ள அதே ஆண்டில் இசைவளிக்கப்பட்டது நல்ல செயலே. ஆனால் பணி யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று பார்த்தால், ஆயக்கட்டில் நிலமுடையோரின் சங்கங்களிடம். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்யும் சட்டமும் நிலமுடையோரையே உறுப்பினராக்கியது. நிலமில்லாதவர்க்குக் கண்மாயில் இடம் இல்லை என்பது இதன் பொருள்.

ஆனால் கண்மாயை அறிந்தவர் யார்? நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயரில் அழைக்கப்பட்ட அந்த மனிதர்தாம். எந்த மடையை எத்தனை விரற்கடை திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகையில் நீர் எட்டும், எந்தக் கரையில் நண்டு வளை தோண்டியிருக்கிறது, கலுங்கு எப்போது விம்மும் என்பவை அவர் மனத்தில் எழுதியிருந்தன. நீர் குறைந்த ஆண்டில் மேல்மடைக்காரர்க்கும் கடைமடைக்காரர்க்கும் நடுவில் நின்று வாங்கிக்கட்டிக்கொள்பவரும் அவரே. பழைய குமிழி மடைகளில் நீருக்குள் மூழ்கி அடைப்பை எடுத்தவரும் அவர் போன்றோரே. பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர். கூலி, களத்தில் அளந்து போடும் சில மரக்கால் நெல். மடையன் என்னும் வசை மடை திறப்பவரிடமிருந்து பிறந்தது என்று மேடைகளில் சொல்வோர் உண்டு. மடமை என்னும் பழஞ்சொல் இருக்கையில் அவ்விளக்கத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அப்படி ஒரு விளக்கத்தை மக்கள் நம்பத் தயாராயிருந்தார்கள் என்பதே ஒரு செய்திதான்.

மோஸ் இதனை நன்கு பதிவு செய்கிறார். நீர் பாய்ச்சும் தொழில் ஒரு திறமையாக மதிக்கப்படாமல் ஒரு சாதியின் கடமையாகச் சுமத்தப்பட்டது. ஊரின் ஒழுங்கான நீர்ப் பங்கீடு என்று நாம் போற்றுவது, அச்சுமத்தலின் மேல் எழுந்த ஒழுங்கு. தலித் மக்கள் அப்பணியை மறுக்கத் தொடங்கியபோது, அவர்கள் மறுத்தது கண்மாயை அன்று, இழிவை. அதனைக் கண்மாய் மரபின் அழிவு என்று எழுதிய ஆய்வாளர்கள் எத்தனை பேர்!

நம் வாசகர்கள் மோஸின் இன்னொரு நூலையும் அறிந்திருத்தல் நலம். 2012இல் வெளிவந்த 'தி செயின்ட் இன் த பானியன் ட்ரீ', அதே வட்டாரத்தில், ஆலபுரம் என்று புனைபெயரிட்டு அவர் வழங்கும் கத்தோலிக்கர் வாழும் ஊரில், இயேசு சபையாரின் மதுரை மிஷன் காலந்தொட்டுச் சாதியும் திருச்சபையும் எவ்வாறு ஒட்டியும் வெட்டியும் வந்தன என்பதை ஆராய்கிறது. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யார் பறை அடிப்பது என்னும் கணக்கும், கண்மாயில் யார் மடை திறப்பது, யார் வயலுக்கு முதல் நீர் என்னும் கணக்கும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பது இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்க்கு விளங்கும். கோயிற் பக்கத்தின் கணக்கைத் திருத்துவதற்காக நம்மிடையே 1990களில் எழுந்த குரல்களை நாம் மறந்துவிடவில்லை. கண்மாய்ப் பக்கத்தின் கணக்கு இன்னும் பார்க்கப்படவே இல்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், குடிநீர் பெறுதல் அடிப்படை மனித உரிமை என்றும், பூமியின் கூக்குரலும் ஏழைகளின் கூக்குரலும் பிரிக்க இயலாதவை என்னும் கருத்தையும் முன்வைத்தது. பங்குகளில் அதற்காக மரக்கன்றுகள் நட்டோம். நல்லதுதான். மரக்கன்றுக்கு நீர் யார் ஊற்றுவது என்பதிலேயே வினா தொடங்கிவிடுகிறது.

இனி நூலோடு நாம் மாறுபடும் இடங்கள்.

ஒவ்வொரு கல்லின் அடியிலும் அதிகாரம் ஒளிந்திருப்பதைக் காட்டுவதில் மோஸ் வல்லவர். அவ்வளவு வல்லவராயிருப்பதால், நூலை மூடும்போது கல்லைத் தொடவே கை கூசுகிறது. எல்லாமே மரியாதைக்கான போட்டி எனில், ஏன் சில கரைகள் முந்நூறு ஆண்டுகள் நின்றன? மரியாதை கரையை எழுப்பலாம், உடையாமல் காப்பது நீரியல் அறிவு. கலுங்கின் உயரம், மடையின் மட்டம், கரையின் சரிவு ஆகியவற்றில் பொதிந்துள்ள அறிவை அதற்குரிய பெருமையோடு நூல் பேசியிருக்கலாம். அடக்குமுறையின் கீழ்ப் பிறந்த அறிவும் அறிவே. அதனை அடக்கியவரிடமிருந்து மீட்டு, உடையவரிடம் சேர்ப்பதே செய்யத்தக்கது.

இரண்டாவது மாறுபாடு இதனினும் பெரிது. மோஸ் கண்ட கண்மாய்க்கு ஆயக்கட்டு இருந்தது. நெல் இருந்தது. நெல் இருந்ததால் சண்டையும், சண்டை இருந்ததால் விதிமுறையும் இருந்தன. கப்பலூர் போன்ற இடங்களில் ஆயக்கட்டு தொழிற்பேட்டையாகவும் மனைப்பிரிவாகவும் மாறிவிட்டது அல்லது மாறிக்கொண்டிருக்கிறது. மடையைத் திறந்தால் நீர் எங்கே போகும்? கொட்டகையின் பின்சுவருக்கு. ஆகவே மடை திறக்கப்படுவதில்லை. திறக்கப்படாத மடை துருவேறுகிறது, உள்வாயில் சீமைக்கருவேல் மண்டுகிறது, வரத்துக்காலில் குப்பை நிரம்புகிறது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் ஒருவருக்கே கண்மாயில் அக்கறை மிஞ்சுகிறது. ஆயக்கட்டு இழந்த கண்மாய் யாருடையது? இவ்வினாவுக்கு நீரின் ஆட்சியில் விடை இல்லை. காலநிலை மாற்றம் அதன் பொருளாகவும் இல்லை. 2003இல் அதனை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியாக நீராவியைத் தாங்கும். மழை வரும்போது கொட்டும், வராதபோது நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வைகை அணையின் எஞ்சிய நீர் ஆவியாகாமல் காக்கத் தெர்மகோல் அட்டைகள் மிதக்கவிடப்பட்டதும், காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியதும் நாடறிந்த கதை. சிரித்தோம். ஆனால் ஆவியாதல் சிரிப்புக்குரியதன்று. ஆழமற்றுப் பரந்து நிற்கும் கண்மாய்க்கு அது அணையைவிடப் பெரிய இழப்பு. மறுபுறம், 2023 டிசம்பர் 17–18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டித் தாமிரபரணிச் சமவெளிக் குளங்கள் பல உடைந்தன. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. மழை என்று செய்தி வந்தது. பந்தல்குடி வாய்க்கால் பொங்கிச் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் என்று தெருக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். உயர்நீதிமன்றக் கிளை 2004 முதல் இயங்கும் இடத்தின் பெயர் உலகனேரி. நாம் மறந்தாலும் பெயர்கள் மறக்கவில்லை, நீரும் மறக்கவில்லை.

உலகம் இதற்கு என்ன செய்கிறது? சீன நாட்டு நில வடிவமைப்பாளர் கோங்ஜியான் யூ, நகரம் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துப் பின் விடவேண்டும் என்றார். செச்சியாங் மாநிலச் சிற்றூரொன்றில் உழவர் குளங்களையும் நீரோடைகளையும் கண்டு வளர்ந்தவர் அவர். 2012இல் பெய்ஜிங் பெருவெள்ளத்தில் 79 பேர் மாண்டபின் சீன அரசு அக்கருத்தை ஏற்றுக்கொண்டது. 2025 செப்டம்பரில் பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலத்தில் வானூர்தி விபத்தில் அவர் இறந்தார். பஞ்சு நகரம் என்றதும் 'இது நம் கண்மாய்தானே' என்று மார்தட்டும் ஆவல் நமக்கு எழுவது இயல்பு. அடக்கிக்கொள்வோம். பஞ்சு நகரமாகத் திட்டமிடப்பட்ட செங்செளவில் 2021 சூலை 20 அன்று ஒரு மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை பெய்து, சுரங்க இரயிலில் மக்கள் மூழ்கி இறந்தனர். எந்தப் பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் வரும் நீருக்கு வழி வேண்டும். நம் கலுங்கின் பெருமை அதுவே. நிரப்புவதற்கு முன்பே வழிவதைப் பற்றிச் சிந்தித்த வடிவமைப்பு அது.

இந்தச் சிந்தனையோடு கப்பலூரைப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. இன்று இப்பகுதியின் மிகப் பெரிய கரை நான்குவழிச் சாலைதான். நிலச்சரிவின் குறுக்கே உயர்த்தி எழுப்பிய மண்மேடு, மழை நாளில் தானும் ஒரு கண்மாய்க் கரையாகிவிடுகிறது. அதன் அடியில் செல்லும் பாலங்களும் குழாய்களுமே அதன் மடையும் கலுங்கும். அவை எந்த மழையைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டன, அந்தக் கணக்கு இன்றைய மழைக்குப் பொருந்துமா என்பதை ஒவ்வொரு மறுகாலிலும் அளந்து பார்க்க வேண்டும். சாலை அமைப்போரிடம் நீர் வரைபடமும், நீர்வளத் துறையாரிடம் சாலை வரைபடமும் இருந்தால் தவறில்லை. தொழிற்பேட்டையின் கூரைகளில் விழும் நீர் ஓடையாகப் பெருகித் தெருவுக்கு வருவதற்கு முன் கண்மாயைச் சேர்வதற்கு வாய்க்கால் ஒன்று போதும். அது சாயமோ எண்ணெயோ கலவாமல் சேர்வதற்குத்தான் பெரும் கண்காணிப்பு வேண்டும்.

அரசு வேறு திசையில் சிந்திப்பதற்கு இரு சான்றுகள் உள்ளன. காவிரியையும் வைகையையும் குண்டாற்றையும் இணைக்கும் 262 கி.மீ. கால்வாய்த் திட்டத்திற்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. குண்டாற்றுக் கரையில் வாழ்வோர் அதனை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். நாமும் சொல்லவில்லை. ஆனால் அக்கால்வாயில் வரும் வெள்ளநீரை ஏற்று வைக்கக் கண்மாய்த் தொடர் பழுதின்றி இருந்தாக வேண்டும் என்பது அத்திட்டத்தைப் பற்றிய பேச்சில் எவ்வளவு இடம் பெறுகிறது? இரண்டாவது, 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம். நீர்நிலைகளை உள்ளடக்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பெருந்திட்டங்கள் வர அது வழி செய்கிறது. நீரின் கொள்ளளவு குறையக்கூடாது என்கிற நிபந்தனையும் உண்டு. வேளாண் அமைப்புகள் அதனை எதிர்த்தன. கொள்ளளவு கண்மாயின் பாதி, இருப்பிடம் மற்றப் பாதி. வரத்துக்காலின் கீழும் அடுத்த கண்மாயின் மேலும் இல்லாத ஒரு பள்ளத்தில் அதே அளவு நீரைத் தேக்கிவிட்டுக் கண்மாய் காக்கப்பட்டது என்பது, அரிசி மூட்டையை எடைபோட்டு வயல் காக்கப்பட்டது என்பதற்கு ஒப்பாகும்.

நகரக் கண்மாய்களை அழகுபடுத்தும் பணிகளைப் பற்றியும் ஒரு சொல். கரையைச் சுற்றி நடைபாதை, விளக்கு, இருக்கை, நடுவில் படகு. மாலையில் குழந்தைகளோடு போய் அமர நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பவர்க்குக் கண்மாய் ஆண்டு முழுவதும் நிறைந்திருந்தால் அழகு. மழையை எதிர்நோக்கும் ஊருக்கோ ஆவணி இறுதியில் அது பாதியேனும் காலியாக இருந்தால்தான் காவல். வற்றும் உள்வாயில் கடலையும் வெள்ளரியும் விளைந்ததும், ஆடு மேய்ந்ததும், வரகும் புல்லும் முளைத்ததும் அதன் பருவ வாழ்வின் ஒரு பகுதி. கல் பதித்த கரையும் மாறாத நீர்மட்டமும் கொண்ட கண்மாய் ஒரு தொட்டியாகிவிடுகிறது. பருவத்தோடு ஏறியிறங்கும் ஈரத்தையே வடிவமைப்பின் பொருளாகக் கொண்ட நடைபாதையை, நீர் ஏறும்போது மூழ்கவும் இறங்கும்போது வெளிப்படவும் கட்ட முடியாதா? யூ சீனத்து ஆற்றங்கரைகளில் அதைத்தான் செய்தார்.

இவை அனைத்திற்கும் பின் மீண்டும் அந்த மனிதரிடமே வருகிறோம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் இயக்கம் 1992 தொடங்கிக் கண்மாய் உழவரைச் சங்கங்களாகத் திரட்டிவருகிறது. தனிக் கண்மாயைக் கடந்து தொடர் முழுமைக்குமான கூட்டமைப்பை உருவாக்கும் அதன் முயற்சி சரியான திசையில் எடுத்த அடி. அடுத்த அடி இன்னும் எடுக்கப்பட வேண்டும். ஆயக்கட்டு மறைந்த ஊர்களில் கண்மாயின் பயனாளிகள் பட்டாதாரர் மட்டுமல்லர். அதன் ஊற்றால் கிணற்றில் நீர் பெறும் தெருவினர், வெள்ளத்தில் முதலில் மூழ்கும் தாழ்வான குடியிருப்பினர், தொழிற்பேட்டைக்கு இருசக்கர வண்டியில் வந்து போகும் தொழிலாளர், ஆடு மேய்க்கும் பெண்கள் ஆகியோரும் அதன் பயனாளிகளே. அவர்களுக்கு வாக்கு இல்லாத சங்கம் கண்மாய்ச் சங்கம் ஆகாது.

மடையையும் கலுங்கையும் காக்கும் பணியோ மாதச் சம்பளமும், பயிற்சியும், மழைமானியைப் படித்து முடிவெடுக்கும் உரிமையும், எந்தச் சாதியினரும் விரும்பி விண்ணப்பிக்கும் மதிப்பும் உடைய வேலையாக வேண்டும். மின்வாரியத்தில் துணைமின் நிலையத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். இரயில்வேயில் கடவுப்பாதைக்கு ஒருவர் இருக்கிறார். மதுரைச் சமவெளியில் ஒரு கரை உடைந்தால் நூறு வீடுகள் மூழ்கும் கண்மாய்க்கு, ஐப்பசி மாதத்து நள்ளிரவில் கலுங்குக்கற்களின் இடையிலிருந்து பலகையை எடுக்கும் பொறுப்பு இன்று எந்தப் பணியாளரின் ஊதியப் பட்டியலிலாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று திருமங்கலம் வட்டத்து ஊராட்சிகளில் கேட்டுப் பார்க்கலாம்.